மொட்டை டிக்கெட்

அத்தியாயம் 9

போன வாரம் ஃபோனில் இளமதி சொன்னது ஒரே வாக்கியம். "அண்ணே, எப்படியாவது வந்துருங்க." என்ன ஏது என்று கேட்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

தங்கை கோலாலம்பூரில். அண்ணன் நிலவழகன் கறம்பக்குடியில். நடுவில் கடல். கடலைவிடப் பெரிதாக, தங்கையின் மாமியார் உண்ணாமலை.

இளமதியின் மகள் ஆதிரைக்கு முதல் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். ஊரில், குலதெய்வம் கோயிலில் வைத்துச் செய்வதாகத்தான் பேச்சு இருந்தது. மாப்பிள்ளை பிரவீன்குமாருக்கு லீவு கிடைக்கவில்லை என்று கடைசியில் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நிலவழகன் அதை நம்பவில்லை. ஊரில் வைத்தால் தாய்மாமன் சீர் வருவதை நாலு பேர் பார்ப்பார்கள், அது பொறுக்காமல்தான் உண்ணாமலை விசேஷத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோனாள் என்பது அவன் முடிவு.

மடிதான் விஷயம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடி இறக்குவார்கள், காது குத்துவார்கள். மடி மாறிப்போனால் அண்ணன் தங்கை உறவு அதோடு முடிந்தது. அப்படி யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை தபாலில் வரும். அவ்வளவுதான்.

டிக்கெட் போட்டது அவன் மனைவி பிரகதீஸ்வரி. வீட்டில் ஈஸ்வரி. கறம்பக்குடி கடைத்தெருவில் ஒரு டிராவல்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள். மலேசியா, சிங்கப்பூர், துபாய் என்று சுற்றுவட்டாரத்துக்கே டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் தான் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டுக்கு அந்த ஆபீஸில் ஒரு பேர் உண்டு. மொட்டை டிக்கெட். பெட்டி போட முடியாது. கையில் ஏழு கிலோவுக்குள் ஒரு பை, அத்தோடு சரி. சோறு தண்ணி கிடையாது. ஜன்னல் ஓரம் வேண்டும் என்று கேட்க முடியாது, கொடுத்த இடத்தில் உட்கார வேண்டும்.

ஈஸ்வரிக்கு அந்த டிக்கெட்மேல் ஒரு மரியாதை. நூறு நாள் வேலைக்குப் போகிற தங்கமுத்து, மகள் பிரசவத்துக்கு அதில்தான் போய்வந்தாள். வந்த மறுநாள் ஆபீஸ் வாசலில் நின்று, "சோறு போடலத்தா. ஆனா எல்லாரையும் எறக்குன எடத்துலதான் என்னையும் எறக்குனான்" என்றாள். அந்த டிக்கெட்டைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

நிலவழகனுக்கு அந்தப் பேரே பிடிக்கவில்லை. பிள்ளைக்கு மொட்டை போடப் போவதற்கு மொட்டை டிக்கெட்டா என்று முகத்தைச் சுளித்தான். பெட்டியோடு போகிற டிக்கெட்டும் இருந்தது. அதில் தேதியை மாற்றலாம். வேண்டாம் என்றால் பணத்தையும் திரும்ப வாங்கலாம். ஈஸ்வரி அதைப் பற்றி அவனிடம் பேச்சே எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவனுக்குத்தான் தெரியாது.

*

கிளம்புகிற அன்று காலை, ஆபீஸிலிருந்து கொண்டுவந்த கொக்கித் தராசில் ஈஸ்வரி பையை மாட்டித் தூக்கினாள்.

ஆளுக்கு ஒரு பை. இரண்டிலும் சீர்தான். அவள் பையில் பட்டுச்சேலை, வேட்டி சட்டை, சம்பந்தியம்மாளுக்கு ஒரு சேலை, குழந்தைக்குப் பாவாடை, வெள்ளிக் கிண்ணம். அவன் பையில் அதிரசமும் முறுக்கும். தேங்காய், பழத்தை அங்கே வாங்கிக்கொள்வதாக முடிவு. தோடு அவன் சட்டைப் பையில் ஏறிவிட்டது.

இவர்கள் மாற்றுத் துணிக்கு இடமில்லை. அதனால் ஆளுக்கு இரண்டு உடுப்பாகப் போட்டுக்கொண்டார்கள். சுடிதாருக்கு மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு ஈஸ்வரி வெளியே வந்தபோது நிலவழகன் அவளை மேலும் கீழும் பார்த்தான். கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு செழிப்பாக இருந்ததில்லை என்றான். அவன் மட்டும் என்ன, இரண்டு சட்டையில் புது மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றான்.

இரண்டு பையும் ஏழில் நின்றன. ஈஸ்வரி நிம்மதியாக அடுப்படியைப் பூட்டப் போனாள். அந்த இடைவெளியில் நிலவழகன் ஒரு காரியம் செய்தான். அது பிறகுதான் தெரிந்தது.

கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டை. அங்கே திருச்சி பஸ். விமான நிலையம் அந்த ரோட்டிலேயே இருப்பதால் பஸ்ஸே போதும். "ஏர்போர்ட் ரெண்டு" என்றதும் கண்டக்டர், யாரைக் கூப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டார். நாங்கள்தான் போகிறோம் என்றாள் ஈஸ்வரி. அவர் இவர்கள் மடியிலிருந்த பைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கீரனூர் வருகிற நேரம் ஃபோன் அடித்தது. உண்ணாமலை.

பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று நிலவழகன் ஸ்பீக்கரைப் போட்டான். அதுதான் தப்பாகப் போயிற்று. உண்ணாமலை முதலில் மழையை விசாரித்தாள். பிறகு உடம்பை விசாரித்தாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"பெட்டி கிட்டி இல்லாம கைப்பையோட வாரீங்களாமே தம்பி. மதி சொல்லுச்சு. எதுக்கு இம்புட்டுச் செரமம்? இங்க என் ஒன்னுவிட்ட தம்பி மகன் இருக்கான். பிள்ளைக்கு மாமன் முறைதான். அவன் மடியில ஒக்கார வச்சுக்கிறோம். நீங்க வசதிப்படுறப்ப, நாலு பெட்டியோட, நிதானமா வாங்க."

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின் சீட்டில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"சரிங்கத்தை" என்றான் நிலவழகன். ஃபோனைச் சட்டைப் பையில் போட்டான்.

அவன் ஆழ்குழாய்க் கிணற்று மெக்கானிக். பூமிக்குள் எவ்வளவோ ஆழத்தில் கிடக்கிற மோட்டாரைக் குழாய் குழாயாகக் கழற்றி மேலே கொண்டுவருகிற கை. அந்தக் கைக்கு இப்போது பையின் வார் அகப்படவில்லை. இரண்டாவது முயற்சியில் பிடித்தான். கீரனூரில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டான்.

ஈஸ்வரியும் இறங்கினாள். பஸ் போய்விட்டது.

*

ஸ்டாண்டை ஒட்டி ஒரு டீக்கடை. நிலவழகன் பெஞ்சில் உட்காரவில்லை. பையைத் தரையில் வைக்கவும் இல்லை. சீரைத் தரையில் வைக்கக் கூடாது என்கிற நினைப்பு அந்தக் கோபத்திலும் இருந்ததை ஈஸ்வரி கவனித்துக்கொண்டாள்.

"கேன்சல் பண்ணு" என்றான்.

"பண்ணலாங்க. ஒண்ணும் திரும்பி வராது."

"ஒண்ணுமேவா?"

"வரின்னு ஏதோ கொஞ்சம் போடுவான். அது வாரதுக்குள்ள ஆதிரை பள்ளிக்கூடம் போயிரும்."

"தேதிய மாத்து. அவங்க விசேஷமெல்லாம் முடியட்டும். அப்புறமாப் போயி பிள்ளையப் பாத்துட்டு வருவோம்."

"இதுல மாத்த முடியாது."

அவன் ரோட்டைப் பார்த்தான். ஒரு லாரி போயிற்று.

"அப்ப நீ மட்டும் போயிட்டு வா. என் சீட்டுல ஒன் தம்பியக் கூட்டிட்டுப் போ."

"பேரையும் மாத்த முடியாது. அவன் நிலவழகனாப் பொறந்திருக்கணும்."

டீ மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆற்றுவதில் மும்முரமானார்.

"பின்ன எதுக்குத்தான்டி ஆகும், இந்த டிக்கெட்டு?"

"போறதுக்கு ஆகும்" என்றாள் ஈஸ்வரி.

நிலவழகன் அவளைத் திரும்பிப் பார்த்தான். முழுசாக, முதல் தடவையாகப் பார்ப்பதுபோல. அவன் கோபக்காரன், முட்டாள் இல்லை.

"தெரிஞ்சேதான் இதப் போட்டியா நீ?"

"ஆமா."

அவனிடம் இப்படி அவள் பேசியதில்லை. ஆனால் ஆரம்பித்தாயிற்று. இளமதி நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தை ஒற்றைக் கையால் வாங்கினார்கள் என்று அவன் பந்தியில் உட்காராமல் வந்ததைச் சொன்னாள். வளைகாப்புக்குப் போகிற வழியில், பத்திரிகையில் தன் பேர் கடைசியில் இருக்கிறது என்று அறந்தாங்கிக்கு முன்னாலேயே காரைத் திருப்பியதைச் சொன்னாள். மதி அன்றைக்கு வாசலைப் பார்த்தபடியே வளையல் போட்டுக்கொண்டாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அதையும் சொன்னாள்.

"ஒவ்வொரு தடவையும் ஒங்களுக்குத் திரும்புறதுக்கு ஒரு வழி இருந்துச்சு. திரும்புனீங்க. கார்ல ஸ்டியரிங் ஒங்க கையில இருந்துச்சு. அதான் இந்தத் தடவை ஸ்டியரிங் இல்லாததாப் பாத்து எடுத்தேன்."

டீ வந்தது. அவன் வாங்கிக் குடித்தான். பை அவன் தோளிலேயே தொங்கியது.

ஈஸ்வரி டிராவல்ஸில் எத்தனையோ பேருக்கு இந்த டிக்கெட்டின் குறைகளைப் படித்துக் காட்டியிருக்கிறாள். மாற்ற முடியாது, ரத்து செய்தால் வராது, பிறர் பேருக்குத் தர முடியாது. கேட்டவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். ஆனால் வாங்கியவர்களில் போகாமல் இருந்தவர் என்று அவளுக்கு யாரும் ஞாபகத்தில் இல்லை. காய்ச்சலோடு போனவர்கள் உண்டு. சண்டையோடு போனவர்கள் உண்டு. இஷ்டப்படி மாற்றுகிற டிக்கெட்காரர்கள்தான் மாற்றி மாற்றி, கடைசியில் போகாமலே இருந்துவிடுவார்கள். குறை என்று எழுதியிருப்பதில் பாதி குறையே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது அப்படித்தான்.

அடுத்த திருச்சி பஸ் உள்ளே வந்தது. நிலவழகன் கிளாஸை வைத்தான்.

"ஏறு. ஒன்னய வந்து பேசிக்கிறேன்."

அவன் பேசிக்கொள்வதை ஒத்திப்போட்டால் கோபம் பாதி இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஈஸ்வரி முன்னால் ஏறி, அவனுக்கு ஜன்னல் ஓரத்தை விட்டாள்.

*

மீதிக் கோபம் இறங்கியது விமான நிலையத்தில். அதற்குக் காரணம் அவன் காலையில் செய்த காரியம்.

கவுண்டரில் இருந்த பெண் ஈஸ்வரியின் பையை எடை மேடையில் வைக்கச் சொன்னாள். ஏழு. அடுத்து அவன் பை. எட்டு.

ஈஸ்வரிக்கு நம்ப முடியவில்லை. காலையில் அவளே நிறுத்த பை. மெஷின் கோளாறா என்றுகூடக் கேட்டுவிட்டாள். கவுண்டர் பெண் இரண்டாவது முறை வைத்துக் காட்டினாள். எட்டேதான்.

நிலவழகன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னங்க வச்சீங்க?"

"கல்கண்டு."

"எதுக்கு?"

"சீரு மொட்டையா ஏழுன்னு நின்னுச்சு. நூறு ரூவா மொய்யின்னாலே நூத்தி ஒண்ணா வைக்கிறோம். சீரப் போயி மொட்டையா எடுத்துட்டுப் போறதா? அதான் மேல ஒண்ணு வச்சேன்."

கவுண்டர் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூடுதல் எடைக்குப் பணம் கட்டலாம், அல்லது ஏதாவது எடுத்துவிடலாம் என்று பொறுமையாகச் சொன்னாள். இங்கே கட்டுகிற ரேட் என்னவென்று ஈஸ்வரிக்குத் தெரியும். அந்த விலைக்குக் கல்கண்டில் ஒரு தேரே செய்யலாம். எடுத்துவிடுவோம் என்றாள்.

நிலவழகன் அசையவில்லை. சீரில் வைத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது. எடுத்தால் அது குழந்தைக்கு ஆகாது. குப்பையில் போடுவதா, வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதா, இரண்டும் நடக்காது என்றான். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய அதே முகம் மறுபடி எட்டிப்பார்த்தது.

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஈஸ்வரி யோசித்தாள்.

"திரும்ப எடுக்கத்தானே கூடாது? குடுக்கலாம்ல?"

அவன் பதில் சொல்வதற்குள் பையைத் திறந்து, கல்கண்டுப் பொட்டலத்தைப் பிரித்து, பின்னால் நின்றவரிடம் நீட்டினாள். அவர் ஆவூர் அடைக்கலம். ஜோகூரில் வெல்டிங் வேலை பார்க்கிறவர். இந்தப் பயணத்துக்கு அவருக்கு டிக்கெட் போட்டவளே இவள்தான்.

"என்னக்கா விசேஷம்?"

"இவங்க தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து."

அடைக்கலம் கையை நீட்டாமல் நிலவழகனைப் பார்த்தார். "அப்ப மாமன் கையால குடுங்க. நீங்க குடுத்தா அது வெறும் கல்கண்டு."

நிலவழகன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். வேறு வழியில்லை. அவருக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தான். அடுத்து நின்ற குடும்பம், என்ன விசேஷம் என்றது. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து என்றான் மெதுவாக. அதற்கடுத்து, கோலாலம்பூரில் படிக்கிற குளத்தூர்ப் பெண். அவளும் கேட்டாள். மருமகளுக்குக் காதுகுத்து, நான் தாய்மாமன் என்றான், கொஞ்சம் சத்தமாக. ஒவ்வொருவரும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னான். ஓர் அம்மாள் கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, பிள்ளை பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆதிரை நல்லா இருக்கணும் என்று அங்கேயே கண்ணை மூடிக் கும்பிட்டாள். வரிசையின் கடைசிக்கு வந்தபோது யாரும் கேட்கவே தேவையில்லாமல் போயிற்று. "தாய்மாமன் சீருங்க, எடுத்துக்கங்க" என்று அவனாகவே சொல்லிக்கொண்டு போனான்.

ஈஸ்வரி தூரத்தில் நின்று பார்த்தாள். காலையில் பஸ்ஸில் அத்தனை பேர் காதில் விழுந்த பேச்சு ஒன்று அவன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. சொல்லச் சொல்ல அது இறங்கிப்போயிற்று. முதுகு நிமிர்ந்துவிட்டது.

கவுண்டர் பெண்ணும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். பை ஏழுக்கு வந்தது. போர்டிங் பாஸைக் கொடுத்தபோதுதான் இருக்கைகளைப் பார்த்தார்கள். ஈஸ்வரிக்கு முன்பக்கம். அவனுக்குக் கிட்டத்தட்டக் கடைசி. கல்யாணமானதிலிருந்து பஸ்ஸில்கூட நாங்கள் தனித்தனியாக உட்கார்ந்ததில்லை என்று நிலவழகன் கவுண்டர் பெண்ணிடம் முறையிட்டான்.

"விடுங்க, கொஞ்ச நேரமாச்சும் நான் நிம்மதியா வாரேன்" என்றாள் ஈஸ்வரி.

*

அவளுக்குக் கிடைத்தது நடு இருக்கை. முழங்கால் முன் சீட்டில் இடித்தது. இரண்டு உடுப்பில் வியர்த்தது. தள்ளுவண்டியில் சாப்பாடு வாசனையாகக் கடந்து போயிற்று. பக்கத்திலிருந்தவர் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டார். ஈஸ்வரி காலையில் வயிறு நிறையத் தின்றுவிட்டுத்தான் வந்திருந்தாள். தங்கமுத்து சொல்லிக்கொடுத்த பாடம்.

ஆனால் விமானம் தரையை விட்ட நொடியில் அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. பயத்தால் இல்லை. இத்தனை வருஷம் எழுத்தாகவும் எண்ணாகவும் கம்ப்யூட்டரில் பார்த்த பொருள் இதுதான் என்று தெரிந்தது. மேலே உயர்ந்ததும் பக்கத்து ஜன்னல்வழி கீழே கண்மாய்கள் மினுங்கின. ஜன்னல் ஓரத்துக்குத் தனியாகப் பணம் கட்டியவர் கையில் ஃபோனை வைத்துக்கொண்டு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். கட்டாதவள் எட்டிப் பார்த்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

மேகத்துக்கு மேலே வந்த பிறகு எழுந்து பின்னால் நடந்தாள். பாதி தூரத்திலேயே அவன் குரல் கேட்டது. பணிப்பெண்ணோடு ஏதோ வழக்கு. நெருங்கினால், அவன் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். எழும்பும்போது காலடியில் தள்ளச் சொல்லியிருக்கிறார்கள். சீரைக் காலடியில் வைப்பதா என்று அப்போதே முறைத்துக்கொண்டு கீழே வைத்தவன், பெல்ட் விளக்கு அணைந்ததும் எடுத்து மடியில் ஏற்றிவிட்டான். பணிப்பெண் இப்போது மேலே இருக்கிற பெட்டியைக் காட்டினாள். அவனுக்கு அதற்கும் மனசில்லை. கண் பார்வையை விட்டுப் போகிறதே.

"சீருத் தட்டத் தலையிலதான வச்சுக் கொண்டு போவோம்?" என்றாள் ஈஸ்வரி.

அவன் யோசித்தான். தலைக்கு நேர் மேலே இருக்கிற பெட்டிதானா என்று உறுதி செய்துகொண்டான். பிறகு தானே எழுந்து, சீரை மேலே ஏற்றி, மூடியை ஒரு முறை தட்டிப் பார்த்தான். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"பசிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல. கல்கண்டு கொஞ்சம் நானும் போட்டுக்கிட்டேன்."

*

இறங்கியபோது அங்கே பொழுது சாய்ந்திருந்தது. பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தால் பெரிய கூடம். நடுவில் பெட்டிகள் வருகிற பெல்ட் சுற்றிக்கொண்டிருந்தது. கூட வந்தவர்கள் அதைச் சுற்றி, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பதுபோல நெருக்கியடித்து நின்றார்கள். பெட்டிகள் இன்னும் வரவில்லை. அடைக்கலம் கையசைத்தார்.

நிலவழகன் தோளில் பையோடு அந்தக் கூட்டத்தைக் கடந்து நடந்தான். கடந்து முடிந்ததும் நின்று திரும்பிப் பார்த்தான்.

"பெட்டி போட்டிருந்தா நாமளும் இங்கிட்டுத்தான் நின்னிருக்கணும், இல்ல?"

ஈஸ்வரி தலையை மட்டும் ஆட்டினாள். அந்த டிக்கெட்டுக்கு அவன் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது. வாயைத் திறந்து கெடுத்துக்கொள்ள அவள் விரும்பவில்லை.

இளமதியும் மாப்பிள்ளையும் வெளியே நிற்பதாகப் பேச்சு. கதவு திறந்தது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறைய முகங்கள். அதில் தெரிந்த முகம் ஒன்றே ஒன்று.

உண்ணாமலை. இடுப்பில் ஆதிரை.

ஈஸ்வரியின் கால் தயங்கியது. நிலவழகன் நேராக நடந்தான்.

"அதுக்குள்ள வந்துட்டீங்க" என்றாள் உண்ணாமலை. அவள் கண் அவர்களுக்குப் பின்னால் பெட்டிகளைத் தேடியது. பிறகு, எதுவும் இல்லை என்பது ஞாபகம் வந்ததுபோல அவன் முகத்துக்குத் திரும்பியது. குழந்தை புதிய ஆட்களை மாறி மாறிப் பார்த்தது. தலை நிறைய முடி, சுருட்டை சுருட்டையாக.

"நான் போன்ல அம்புட்டுச் சொன்னதுக்கு அப்புறமும் வந்திருக்கீங்க தம்பி."

இதற்கு அவன் என்ன சொல்வான் என்று ஈஸ்வரிக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தில் சொன்னதுபோலச் சொல்வான். வளைகாப்புக்குப் பிறகு சொன்னதுபோலச் சொல்வான். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"போன்ல நீங்க பேசுனது ஒண்ணுமே கேக்கலத்தை" என்றான் நிலவழகன். "பஸ்ஸுல ஒரே எரைச்சல்."

உண்ணாமலை அவனையே பார்த்தாள். சரிங்கத்தை என்று அவன் சொன்னதை அவள் காது கேட்டிருந்தது. அவன் பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். அவளுடைய முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது.

"பிடிங்க" என்று குழந்தையை நீட்டினாள். "இடுப்பு விட்டுப்போச்சு."

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். ஆதிரை அழ வாயைத் திறந்தது. அவனது இரண்டு சட்டைக் காலர்களில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தது. அழ மறந்துவிட்டது.

உண்ணாமலை ஈஸ்வரியின் தோளிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். வேண்டாம் அத்தை என்று ஈஸ்வரி சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

"கனமாத்தான் இருக்கு" என்றாள்.

கார் நிற்கிற இடத்துக்கு அவள் முன்னால் நடக்க, இவர்கள் பின்னால் நடந்தார்கள். பிரவீன்குமார் வண்டியில் காத்திருக்கிறான் என்றாள். ஆபீஸிலிருந்து நேராக வந்தானாம். நாளைக்குக் கோயிலில் எத்தனை மணிக்கு என்பதை ஐயரிடம் கேட்டாயிற்றாம். எல்லாவற்றையும் அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். கேட்க வேண்டிய ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அதை ஈஸ்வரிதான் கேட்டாள்.

"மதி வீட்டுல இருக்காளா அத்தை?"

உண்ணாமலை திரும்பவில்லை. பையின் வாரை மாற்றி மாட்டிக்கொண்டாள்.

"வீட்டுல இல்ல. காதுகுத்துக்கு வந்துரும்னுதான் நெனைக்கிறேன்" என்றாள்.

எப்படியாவது வந்துருங்க என்று போன வாரம் மதி சொன்னது மறுபடி காதில் விழுந்ததுபோல நிலவழகன் நின்றான். ஈஸ்வரியைப் பார்த்தான். பிறகு குழந்தையைத் தோளில் இறுக்கிச் சாய்த்துக்கொண்டு, உண்ணாமலையின் பின்னால் நடையை எட்டிப் போட்டான்.